அன்ரன் அண்ணை பூட்டிய த்ரொட்டில் பொடி

அன்ரன் அண்ணை போய்விட்டார்.

நேற்றுக் காலை, வத்தளையில் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் சொந்தமாக கராஜ் வைத்திருந்த மெக்கானிக் அவர். அவரைத் திட்டி நான் போட்ட பதிவு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஷேர் பண்ணியவர்களும் இங்கே இருக்கிறீர்கள்.

அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்...

என் காரின் த்ரொட்டில் பொடி பழுதாகிவிட்டது. எஞ்ஜினுக்குள் காற்றை அளந்து விடுகிற பாகம். அண்ணை வேறொன்று வாங்கிப் பூட்டித் தந்தார். அன்று முழுக்க நன்றாக ஓடியது.

அடுத்த முறை எடுத்தபோது ஐட்லிங், அதாவது கார் நிற்கும்போது எஞ்ஜின் ஓடும் வேகம், ஒரு நிலையில் நிற்கவில்லை. ஆர்.பி.எம். ஊசி ஏறும், விழும், சிக்னலில் எஞ்ஜின் செத்துவிடும்.

மூன்று தரம் திருப்பிக் கொண்டுபோனேன். காற்று கசிகிறதா என்று ஒவ்வொரு ஹோஸாகப் பார்த்தார். கேஸ்கட் மாற்றினார். அவர் கையால் வெளியே வந்தால் சரி, வெள்ளவத்தையில் என் வீட்டில் ஒரு இரவு நின்றால் மறுபடி அதே கூத்து.

மூன்றாம் தரம் கேட்டார், "தம்பி, வீட்டில பற்றறி ஏதும் கழட்டுறனீங்களோ?"

"இல்லை அண்ணை."

பழியை என் தலையில் போடப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம். அதனால்தான் அப்படிப் பட்டென்று மறுத்துவிட்டேன்.

அந்த வாரம் அம்மாவை களுபோவில கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது தெஹிவளைச் சந்தியில் கார் நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. அம்மா பயந்துபோய் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார்.

கிளினிக் வாசலில் இருந்தே அந்தப் பதிவைப் போட்டேன். அண்ணையின் பெயர், இடம், போன் நம்பர், அம்மா பட்ட பாடு, எல்லாம். "கள்ளப் பார்ட்ஸ் பூட்டுகிறவன்" என்று எழுதினேன்.

அண்ணைக்கு முகநூல் இல்லை. யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். ஞாயிறு காலை பஸ் ஏறி என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். சண்டைக்கு அல்ல, காரைப் பார்க்க.

நான் வழக்கம்போல பொனட்டைத் திறந்து பற்றறி டெர்மினலைப் பூட்டினேன். அவர் பக்கத்திலேயே நிற்கிறார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"பத்து நம்பர் ஸ்பானர் கையிலயே வச்சிருக்கிறீங்கள்" என்றார்.

பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் கார் வாரக்கணக்கில் சும்மா நின்றது. சார்ஜ் இறங்காமல் இருக்க ஒவ்வொரு முறையும் டெர்மினலைக் கழற்றி வைக்கப் பழகினேன். பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் கை அதை விடவில்லை; அவர் கேட்டபோதுகூட அது என் நினைவுக்கு வரவில்லை.

பூட்டிய பாகத்துக்கு ஏற்றமாதிரி காரின் கம்பியூட்டர் ஐட்லிங்கைப் பழக வேண்டும். பற்றறியைக் கழற்றினால் பழகியதெல்லாம் அழிந்துவிடும். அவர் பழக்கி அனுப்புவார், நான் இரவில் அழித்துவிடுவேன்.

எஞ்ஜினை ஓடவிட்டு, ஏசி போடாமல், அக்சிலரேட்டரைத் தொடாமல், இருவரும் உள்ளே இருந்தோம். கால் மணித்தியாலம் இருக்கும். ஊசி மெல்ல மெல்ல இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"அம்மாக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இறங்கும்போது சொன்னார், "எழுதினதை அழிச்சா மட்டும் காணாது தம்பி. பிழை எங்கையெண்டு ரெண்டு வரி போட்டுவிடுங்கோ. வான் ஓடுற பொடியள் ஒருத்தரும் இப்ப கராஜுக்கு வாறேல்லை."

"இண்டைக்கே போடுறன் அண்ணை."

பதிவை அவர் முன்னாலேயே அழித்தேன். இரண்டு வரி போடவில்லை. அத்தனை பேர் "நல்லா சொன்னீங்க ப்ரோ" என்று எழுதிய பிறகு, மடையன் நான்தான் என்று சொல்ல வெட்கம். வேறு ஒரு காரணமும் இல்லை.

சில மாதம் கழித்து ஒருநாள் போன் எடுத்தார். "மகள் தேடிப் பாத்தவள், அப்பிடி ஒண்டும் காணேல்லையாம்..."

"போட்டனான் அண்ணை. கீழ போயிருக்கும்."

"அப்ப சரி தம்பி" என்று வைத்துவிட்டார். நம்பினாரா தெரியாது.

அதன் பிறகு கராஜை மூடிவிட்டு வத்தளையில் இன்னொருவரிடம் சம்பளத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். என் பதிவால்தானா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இன்று காலை கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் மகள் நின்றாள். யார் என்று கேட்டாள். பழைய கஸ்டமர் என்றேன்.

"கனபேர் அப்பாட்ட வாறதை நிப்பாட்டிப்போட்டினம். நீங்கள் வந்ததுக்கு நன்றி அண்ணா" என்றாள்.

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் பூட்டிய பாகத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்க என்னுடையது. அன்று ஷேர் பண்ணியவர்கள் தயவுசெய்து இதையும் ஷேர் பண்ணுங்கள். எழுதி முடித்ததும் உள்ளே போய் அவர் மகளிடம் காட்டப் போகிறேன்.

நாளை பின்னேரம் அடக்கம்.

போயிட்டு வாங்கோ அண்ணை.