ஜோசியர் கட்டிய நாடா

ஆபரேஷன் தியேட்டருக்கு நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவரை, எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிட்டோம். ஆபரேஷனுக்குப் பிறகு யார் வலியில் துடிப்பார்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடுவார்.

கைரேகையெல்லாம் இல்லை. லிஃப்ட் வாசலில் தரை ஒரு விரற்கடை மேடாக இருக்கும். தள்ளுவண்டி அதில் ஏறும்போது ஒரு குலுக்கல், இறங்கும்போது ஒரு குலுக்கல். இரண்டாவது வருவதற்கு முன்பே தோளை இறுக்கிக்கொள்பவர்களுக்கு வலி கடுமையாக இருக்கும் என்பது அவர் கணக்கு. அவர்களுடைய கட்டில் காலில் வெள்ளை நாடா கட்டிவிடுவார். நாடாவைப் பார்த்தால், நோயாளி கேட்கும்வரை காத்திராமல் நர்சுகள் நாங்கள் வலி ஊசிக்கு ஏற்பாடு செய்வோம்.

பத்துக்கு எட்டு பலித்தது. மயக்க மருந்து டாக்டரே, "என்ன ஜோசியரே, இன்னைக்கு எத்தனை நாடா?" என்பார். பலிக்காத இரண்டை யாரும் எண்ணவில்லை.

அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல். அவரேதான் தள்ளினார். நான் கூடவே நடந்தேன்.

"ஊருக்கெல்லாம் குறி சொல்றீங்க, எனக்கு என்னவாம்?" என்றாள் படுத்தபடியே.

"பேசாம வா. உனக்கு முள்ளு குத்துனாலே தெருவே கூடும்."

"உங்களையே முப்பது வருஷம் தாங்கிட்டேன். கல்லு எம்மாத்திரம்?"

இரண்டாவது குலுக்கலுக்கு முன்பே அவள் தோள் காதைத் தொட்டது. அவர் சிரிப்பு நின்றது. நாடா கட்டினார்.

முதல் நாள் வலித்தது. ஊசி போட்டோம், தூங்கினாள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு என் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், இது வேற மாதிரி இருக்கு. தோள்பட்டை வரைக்கும் ஏறுது."

நான் நாடாவைப் பார்த்தேன். "உங்களுக்கு வலி ஜாஸ்தியா இருக்கும்னு உங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரேம்மா." மறுபடி ஊசி. நாடித்துடிப்பு நூற்றுப்பத்து. அதையும் வலியின் தலையில் கட்டினேன்.

பத்து மணிக்கு அவர் எட்டிப்பார்த்தார்.

"ஏங்க, முடியலைங்க."

"நான்தான் சொன்னேன்ல? ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோ." அடுத்த ஆளைத் தள்ளப் போய்விட்டார்.

ஒரு மணிக்கு முனகல் நின்றிருந்தது. அதற்குத்தான் எழுந்து போனேன். முகம் சாம்பல், நெற்றி சில்லிட்டிருந்தது. வயிற்றில் கை வைத்தால் பலகை. ஓடிவந்த டாக்டர் தொட்டுப்பார்த்துவிட்டு, "உள்ள பித்தநீர் கசிஞ்சிருக்கு. தியேட்டருக்குத் தள்ளுங்க," என்றார்.

இந்த முறையும் அவர்தான் தள்ளினார். கதவு சாத்தியதும் என் கையிலிருந்த வார்டு நோட்டை வாங்கிப் புரட்டினார். எட்டு மணிக்கு நேராக என் கையெழுத்தில் இரண்டு சொற்கள்: எதிர்பார்த்த வலி.

"யாரு சிஸ்டர் எதிர்பார்த்தது?" என்றார். பிறகு அவரே, "நான்தானே," என்றார். அவர் மட்டும் இல்லை, நானும்தான் எதிர்பார்த்திருந்தேன்.

மாலை ஆறரைக்கு அவள் போய்விட்டாள்.

பதினாறு நாள் கழித்து வேலைக்கு வந்தார். பிறகு யாரைப் பற்றியும் அவர் குறி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்த ஒவ்வொருவரிடமும் தினம் போய், "வலி நேத்தைவிடக் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" என்று கேட்பார். கூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால் என் மேஜையைத் தாண்டி நேராக டாக்டரிடம் போவார்.