நாய் மேஸ்திரியின் மடி

என் தாய்மாமன் சேலம் முனிசிபாலிட்டியில் நாய் வண்டி மேஸ்திரி. கம்பிக்கூண்டு வைத்த மாட்டு வண்டி முன்னால் போகும், சுருக்குக் கயிற்றோடு ஆட்கள் போவார்கள், காக்கிக் கோட்டுப் போட்டுக்கொண்டு மாமா பின்னால் வருவார். கழுத்தில் முனிசிபல் வில்லை கட்டிய நாயைத் தொடக்கூடாது. நாக்குத் தொங்க ஒரே போக்கில் ஓடுகிற நாயை விடவே கூடாது. எதைப் பிடிப்பது என்று சொல்கிறவர் அவர்தான். வெறிநாய் நடமாடினால் ஊரே அவரைத் தேடும். மற்ற நாளில் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது.

ஆட்டையாம்பட்டியில் எங்கள் தறிக்காரத் தெருவுக்கு அவர் வந்தால் முதலில் தெரிவது நாய்களுக்குத்தான். எவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் அதுகளுக்கு மோப்பம் பிடித்துவிடும். தெருமுனையில் குரைப்பு கிளம்பினதும் அம்மா உலையில் இன்னும் ஒரு பிடி அரிசியைப் போடுவாள். நான் வாசலுக்கு ஓடுவேன். மாமா என்னைத் தூக்கிக்கொண்டால் போதும், எனக்கு மகாராணி என்ற நினைப்பு வந்துவிடும்.

எனக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதற்காகவே ஊசி வலியையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். மாமாவுக்குச் சொல்லியும் அனுப்பியாயிற்று. ஆனால் அன்று காலையில் கூடிய சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நாயைக் கொல்கிறவன் கையிலா பெண்குழந்தையைக் கொடுப்பது என்றார்கள். அம்மா தெருப்பக்கம் காதை வைத்துக்கொண்டு பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆசாரி வந்து உட்கார்ந்த நேரத்தில் குரைப்பு கிளம்பியது. "மாமா வந்துட்டாங்க" என்று எழுந்தேன். என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுப் பெரியப்பா மட்டும் தெருமுனைக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் சீர்த்தட்டு இருந்தது. பட்டுப் பாவாடை, வெல்லம், அதன்மேல் சின்னதாக ஒரு ஜோடிக் கம்மல். பின்னால் மாமா இல்லை.

"அவருக்கு அவசரச் சோலியாமுங்க. நல்ல நேரம் போகுது, ஆவட்டும்" என்றார் பெரியப்பா.

குரைப்பு மெல்லத் தள்ளிப் போய், பஸ் நிற்கிற பக்கம் அடங்கியது. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மடியில் என்னை உட்கார்த்திக் காது குத்தினார்கள். நான் கத்தியது ஊசிக்காகத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கம்மல் வந்து சேர்ந்தது, மடி வரவில்லை.

பந்தி முடிந்தபோது என் அழுகை நின்றிருந்தது. மாமா ஏன் போனார் என்பதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. "நாய் பிடிக்கிற மாமாவே நாய்க்குப் பயந்துக்கிட்டுப் போயிட்டாங்கம்மா" என்று சொல்லிச் சிரித்தேன்.

அம்மா என் காதில் மஞ்சளைத் தொட்டு வைத்தாள்.

"நாய்க்கு எதுக்குச் சாமி பயம்? அதுக கொரைக்கறதோட உட்டுருமே" என்றாள்.

கடிக்கிற நாயும் உண்டே, இதுகூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.