ரோண்டாவின் சரிவில் ஒரு கௌதாரி

கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குக் கவலை இல்லை. இது எனக்கு நடந்தது. போன நவம்பரில், ஐடஹோவில், ஸ்நேக் ஆற்றுக்கு மேலே இருக்கும் ஒரு மலைச்சரிவில், வெயில் சாய்கிற நேரத்தில் நடந்தது. படமும் இருக்கிறது.

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். நான் லைலுக்கு இரண்டாவது மனைவி. முதல் மனைவி ரோண்டா புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அவள் வளர்த்த பேர்ல் என்ற வெள்ளை நாயும் அடுத்த வசந்தத்தில் செத்துப்போனது. ஆனால் இரண்டு பேரும் எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. ரோண்டா தலையில் சின்னக் கேமராவைக் கட்டிக்கொண்டு கௌதாரி வேட்டைக்குப் போவாள். அந்த வீடியோப் படங்களெல்லாம் இணையத்தில் இருக்கின்றன. லைல் சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அதைத்தான் பார்ப்பான். பேர்லின் கழுத்து மணிச் சத்தம் கேட்காமல் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. பார்த்துக்கொண்டே அவன் ஒரு சிரிப்பு சிரிப்பான் பாருங்கள்... எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உயிரோடு இருக்கிறவள் என்றால் சண்டை போடலாம். செத்தவளிடம் என்ன செய்வது?

நானும் ஒரு தலைக் கேமரா வாங்கினேன். பட்டன் என்ற நாய்க்குட்டியை வாங்கி நானே பழக்கினேன். நான் எடுத்த படங்களைக் காட்டினால் "நல்லாருக்கு" என்பான். அடுத்த நிமிஷம் போனில் ரோண்டாவின் படம் ஓடிக்கொண்டிருக்கும். என் படத்தைப் பார்த்து அவன் ஒரே ஒரு தடவை அப்படிச் சிரிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ரோண்டா நல்ல படங்களெல்லாம் எடுத்த அந்த மலைச்சரிவுக்கு என்னையும் கூட்டிப் போ என்று கேட்டேன்.

"அங்க வேணாம் டீனா. அது ரோண்டாவோட இடம்."

அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. அடுத்த ஞாயிறு, லைல் தன் தம்பி வீட்டு வேலியைச் சரிசெய்யப் போனதும், பட்டனை டிரக்கில் ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

எங்கள் நாய்களைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். பறவை மணம் பட்டால் அவை பாய்ந்து கலைக்காது. அசையாமல் நின்றுவிடும். நாம்தான் நடந்து போய்ப் பறவையை எழுப்ப வேண்டும். ஒரு நாய் அப்படி நிற்பதைக் கண்டால், பின்னால் வரும் நாயும் நின்றுவிடும். அதற்கு மணம்கூட வேண்டாம். முன்னால் நிற்கிற நாய்க்குக் கொடுக்கும் மரியாதை அது. அந்தப் பறவை முதலில் நின்ற நாய்க்காரருடையது. தாண்டிப் போய்ச் சுட்டவருக்கு எங்கள் ஊரில் யாரும் காபிகூட ஊற்ற மாட்டார்கள்.

மூன்றே முக்கால் இருக்கும். பாதிச் சரிவில் பட்டன் நின்றாள்.

மணம் பிடித்து நிற்கும்போது அவள் மூக்கை நீட்டி வாலைத் தூக்குவாள். இப்போது வால் தாழ்ந்திருந்தது. பார்வை மட்டும் மேலே. இன்னொரு நாயைக் கண்டால் நிற்கிற மாதிரி...

அங்கே நாய் எதுவும் இல்லை. புதர்களும் ஒரு வெள்ளைப் பாறையும்தான். குட்டி நாய்கள் வெள்ளைப் பாறையை நாய் என்று நினைத்து ஏமாறுவது உண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. "போடி, அது கல்லு" என்றேன்.

அவள் போகவில்லை. என் சொல்லை மீறியதே இல்லாதவள்.

அப்போது கேட்டது.

டங்... டங்... டங்...

மேலே, புதருக்குள். நாயின் கழுத்து மணி. வேறு வேட்டைக்காரர் யாரோ என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. கீழே சாலையில் என் டிரக் மட்டும்தான் நின்றது. அந்த மணியை எனக்குத் தெரியும். தினமும் சாப்பாட்டு மேஜையில் கேட்கிற மணி.

டங்... டங்...

நின்றுவிட்டது.

மணி நின்றால், நாய் பறவையைக் கண்டு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

திரும்பியிருக்க வேண்டும். கோபம் விடவில்லை. வாய்விட்டே சொன்னேன்.

"நீ செத்துட்ட. இனிமே இது என் இடம்."

பாறையைத் தாண்டினேன். காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

இன்னும் ஓர் அடி...

என் இடது முழங்காலில் ஏதோ உரசியது. வெதுவெதுப்பாக.

குனிந்தேன். ஒன்றும் இல்லை.

படபடவென்று கௌதாரிக் கூட்டம் எழுந்தது. சுட்டேன். ஒன்று விழுந்தது.

எடுத்துவரச் சொன்னேன். பட்டன் நின்ற இடத்திலேயே நின்றாள். நானே இறங்கிப் போனேன். விழுந்த இடத்தில் பறவை இல்லை.

கொஞ்சம் தள்ளி, ஒரு தட்டைக் கல்மேல் இருந்தது.

யாரோ எடுத்து வைத்த மாதிரி... நேராக.

தூக்கினேன். இறகெல்லாம் ஈரம். நாய் எச்சில்.

துப்பாக்கியைத் தோளில் மாட்டி, பட்டனை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு ஓடினேன். சாலை வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். அன்று மாலையே என் தலைக் கேமராவில் பதிவான படத்தை இணையத்தில் போட்டேன். கூட்டம் எழுந்ததும் நான் சுட்டதும் அத்தனை நன்றாக வந்திருந்தன. பாறை, புதர், பட்டன், என் கை, துப்பாக்கி. வேறு எதுவும் இல்லை. ரோண்டாகூட இப்படி எடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் காபியோடு உட்கார்ந்து, பார்த்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று திறந்தேன். பாராட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் திட்டு. முன்பின் தெரியாத ஆட்கள்.

"அடுத்தவங்க நாய் நின்னுட்டிருக்கு, நீ பாட்டுக்குத் தாண்டிப் போய்ச் சுடறியே, வெக்கமா இல்ல?"

"அந்த வெள்ளை நாய் எவ்வளவு அழகா நிக்குது. பறவை அதுக்குச் சேர வேண்டியது."

மொன்டானாக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். "பக்கத்துல அந்தம்மா ஒரு வார்த்தை பேசாம உன்னையே பாத்துக்கிட்டு நிக்குறாங்க. அவங்ககிட்ட மன்னிப்பாவது கேட்டியா?"

மறுபடி போட்டுப் பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பாறை. புதர். பட்டன்.

எனக்கு மட்டும் தெரியவில்லை.

லைலிடம் போனைக் கொடுத்தேன். அவன் கடைசிவரை பார்த்தான். திரும்ப ஓடவிட்டான். பாறை வந்த இடத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. நான் இத்தனை நாள் ஏங்கிய அதே சிரிப்பு. என் படத்தைப் பார்த்துத்தான் சிரித்தான்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டான்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அந்தச் சரிவுக்குத் தனியாகப் போகிறான். துப்பாக்கி எடுத்துப் போவதில்லை.