நான் பார்த்த படர்தாமரை வைத்தியம்

என் இடுப்பில் வந்த படர்தாமரைக்கு டாக்டர், கம்பவுண்டர் எல்லாம் நானே என்று பல மாதம் திரிந்தேன். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய க்ரீமைத் தடவுவேன், அரிப்பு நின்றதும் நிறுத்துவேன். மறுபடி வரும், முன்னைவிட அகலமாக. தறிக்கூடத்தில் யார் சொறிந்தாலும் அந்த ட்யூபைத்தான் நீட்டுவேன்.

ஒருநாள் என் மனைவி முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். தாலிக்கயிறு உரசும் இடத்தில் அதே வட்டம்.

“எத்தினி நாளைக்கி மறச்சிக்கினு இருக்கறது?” என்றாள். வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே துண்டு.

திருப்பதியில் தோல் டாக்டரம்மா ட்யூபை வாங்கிப் படித்தார். “இதுல ஸ்டீராய்டு இருக்குது. அரிப்ப அடக்கிட்டு பூஞ்சைய வளக்குது. இப்ப சாதா மருந்துக்கு அது அடங்காது,” என்றார்.

அன்றே ட்யூபைக் குப்பையில் போட்டேன். அரிப்பு நின்ற பிறகும், டாக்டரம்மா போதும் என்று சொல்லும்வரை இருவரும் அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை விடவில்லை. ஆளுக்கொரு துண்டு. எல்லாவற்றையும் நானே வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டேன். தறிக்கூடத்தில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிச் சொல்லியே ஒவ்வொருவரையும் டாக்டரிடம் அனுப்பினேன்.

அவள் கழுத்து சுத்தமானதும், “பாத்தியா, விடாம நின்னு போக்கிட்டேன்,” என்றேன்.

“தாலி கட்டினதுக்கு அப்புறம் என் கழுத்துக்கு நீ குடுத்தது அது ஒண்ணுதான்யா. அதுவும் போயிடுச்சி!” என்றாள்.