சவரியக்கா வேண்டாம் என்ற ரோடு

செவ்வாய்க்கிழமை மத்தியானம். ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரு பெண்ணின் பரீட்சை ரிசல்ட் திறக்குமா திறக்காதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்காரர் சுவரைத் தட்டி, எனக்குப் போன் வந்திருப்பதாகச் சொன்னார். எடுத்தால் எங்கள் தெரு முத்துப்பேச்சி அக்கா.

"ஏலே, சவரி போயிட்டா."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நாந்தான் பக்கத்துல நிக்கேன். பெரியாஸ்பத்திரியில."

"டாக்டர் பாத்தாரா? நல்லாப் பாத்தாரா?"

"அவள மாதிரியே கேக்கியேலே" என்று சொல்லிவிட்டு முத்துப்பேச்சி அக்கா அழ ஆரம்பித்தார். அப்புறம்தான் நான் நம்பினேன்.

இந்த மடற்குழுவில் நம் பக்கத்து ஆட்கள் பலர் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறீர்கள். சிலருக்குச் சவரியக்காவைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகத்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு எந்த ஊர் என்று தானாகப் புரியும். புரியாதவர்களுக்குப் பெயரால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எழுதியது யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாமல் பெயர் போடக்கூடாது என்பது சவரியக்காவின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

முழுப் பெயர் சவரியம்மாள். நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமாகி எங்கள் மில்லுத் தெருவுக்கு வந்தார். தெருவில் இந்துக்களும், வேதக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர்களும் கலந்து இருந்தோம். எல்லா வீட்டிலும் ஒருவராவது மில்லுக்குப் போனார்கள். ரோடு கிடையாது, வாய்க்கால் கிடையாது. மழைக்காலத்தில் பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சகதியில் நடந்து மெயின் ரோட்டுக்குப் போவார்கள். அங்கே டீக்கடை டிரம்மில் தண்ணீர் மோந்து காலைக் கழுவிக்கொண்டு மில் பஸ்ஸில் ஏறுவார்கள். சகதிக் காலோடு டிபார்ட்மெண்டுக்குள் விடமாட்டார்கள்.

டீக்கடைக்காரர் தினமும் சொல்வாராம்: "ஏட்டி, நான் டீக்குப் பிடிச்சு வைக்கிற தண்ணி பூரா உங்க கால்லதான் போகுது."

சவரியக்கா விடமாட்டார். "உங்க டீயக் குடிச்சாலும் சகதி ருசிதான் அண்ணாச்சி. எதுல போனா என்ன?"

சந்தேகம் அவருக்கு அப்போதே உண்டு. ஒரு நாள் காலையில் பஜார் ரோட்டின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு போட்டிருந்ததாம். மில் பஸ்ஸில் எல்லோரும், ஊர் சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். சவரியக்கா மட்டும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "எந்த மந்திரி வாராரு?" என்று கேட்டார். சாயங்காலம் மந்திரி வந்தார். மறுநாள் காற்று பவுடரை அடித்துக்கொண்டு போனது. அடுத்த கோடு அடுத்த மந்திரிக்குத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். முத்துப்பேச்சி அக்காதான் சவரியக்காவை இழுத்துப்போய் நிறுத்தினார். இரண்டு பேருக்கும் ஒரே பிரிவு, பக்கத்துப் பக்கத்து மெஷின். சவரியக்கா ஜெயித்தார். நகர்மன்றக் கூட்டம் நடக்கும் நாட்களில் நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். என் வயதுப் பையன்கள் கிரிக்கெட் மேட்சுக்கு எப்படிப் போவார்களோ, அப்படி.

அந்தச் சமயத்தில்தான் பஜாரை அழகுபடுத்தும் திட்டம் வந்தது. பஸ் ஸ்டாண்டு முன்னால் ரவுண்டானா, நடுவில் நீரூற்று, அதைச் சுற்றி சிமெண்ட் அன்னங்கள். கடைகளுக்கு முன்னால் கலர் கல் பதித்த நடைபாதை. மஞ்சள் வெளிச்சம் தரும் உயரமான விளக்குகள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஊருக்கு மதிப்பு என்று சேர்மன் பேசினார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். சவரியக்கா எழுந்தார்.

"வெளியூர்க்காரன் ஒரு நாளு வந்து பாத்துட்டுப் போயிருதான். நாங்க தெனமும் மிதிக்கோம். எங்க தெருவுக்கு ஒரு வாய்க்கா கேட்டா நிதி இல்லங்கீக. அன்னத்துக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு?"

"அது வேற நிதிம்மா" என்றார் சேர்மன்.

"நிதியில கூடவா மேலத்தெரு, கீழத்தெரு இருக்கு?"

அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டியதற்கு பியூன் வந்து என்னை வெளியே அனுப்பினார்.

கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தபின் அவர் வேறு வழி யோசித்தார். எங்கள் ஊரில் வருஷா வருஷம் புது ரோடு போடுகிற தெருக்கள் சில உண்டு. பங்குனியில் மாரியம்மன் சப்பரம் சுற்றி வரும் தெருக்கள்தான் அவை. சப்பரத்தின் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஊருக்கு ஆகாது என்பதால், திருவிழாவுக்கு முந்தின வாரம் நகராட்சியே வந்து தார் ஊற்றிவிடும். யாரும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. சவரியக்கா நேராகக் கோயில் தர்மகர்த்தாவின் மிளகாய் வத்தல் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அண்ணாச்சி, இந்த வருசம் அம்மன் எங்க தெருவுக்கும் வரணும்."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீ வேதக்காரில்லா. அம்மன் மேல என்ன திடீர்ப் பாசம்?"

"அம்மன் வந்தாத்தான் ரோடு வருது அண்ணாச்சி. எங்க மாதா சப்பரம் வருசா வருசம் வருது. கூட மெழுகுவத்திதான் வருது."

தர்மகர்த்தா சிரித்த சிரிப்பில் வத்தல் நெடி ஏறி, செத்த நேரம் இருமினார். சம்மதித்தும் விட்டார். எங்கள் தெருவே ஆடியது. முத்துப்பேச்சி அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தார். அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மன் எங்கள் தெருமுனையைக் கடந்து போவதை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

ரோடு போடச் சொல்லி நகராட்சியில் கேட்டோம். மறுநாளே லாரி வந்தது.

அங்கேதான் சவரியக்காவுக்குச் சந்தேகம் வந்தது. "இம்புட்டு வருசம் கேட்டுக் குடுக்காதவுக ஒரே நாள்ல தாராகன்னா, அவியளுக்கு என்னமோ இதுல இருக்கு" என்றார். லாரி கொட்டிய குவியலைக் காலால் கிளறினார். உடைந்த தார்க் கட்டிகள். ஒன்றை எடுத்துத் துடைத்தார். அதில் வெள்ளை பெயிண்ட் பட்டை இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் கடப்பதற்காகப் பஜாரில் போட்டிருந்த கோடு. பஜாரை அழகுபடுத்தத் தோண்டிய குப்பையைக் கொட்ட இடமில்லாமல் இருந்திருக்கிறார்கள். நாங்களாகப் போய்க் கேட்டிருக்கிறோம்.

அதைவிடப் பெரிய விஷயம் மட்டம். எங்கள் வீடுகளுக்கு வாசலில் இரண்டே படி. தரையைத் தோண்டாமல், இருக்கிற மண்ணின் மேலேயே இதைக் கொட்டி அதற்கு மேல் தார் போட்டால், வீட்டுத் தரையைவிட ரோடு உயரமாகிவிடும். வாய்க்காலும் இல்லை. மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள்தான் போகும்.

சவரியக்கா ஓவர்சியரிடம் கேட்டார். "தோண்டிட்டுப் போடுங்க சார்."

"தோண்டுறதுக்கு எஸ்டிமேட்ல எடமில்லம்மா. திருவிழாவுக்கு நாளும் இல்ல. மேல தார் போட்டுட்டா கீழ என்ன கெடந்தா உங்களுக்கு என்ன?"

"கீழ கெடக்கப் போறது நாங்கதான சார்."

கொட்டியதை அள்ளிக்கொண்டு லாரியைத் திரும்பிப் போகச் சொன்னார். ரோடு இல்லையென்றால் சப்பரம் வராது என்று தர்மகர்த்தா ஆளனுப்பினார். அன்று சாயங்காலம் மில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் சவரியக்கா வீட்டு முன்னால் நின்றார்கள். முன்னால் நின்றது முத்துப்பேச்சி அக்கா.

"ஏட்டி சவரி, நீ கும்பிடாத சாமின்னுதான இப்பிடிப் பண்ணுத?"

"வீட்டுக்குள்ள தண்ணி வந்தா ஒன் சாமி படமுந்தான் மெதக்கும் பேச்சி."

"வந்தாப் பாத்துக்கிடுவோம். வாராத மழைக்குப் பயந்து வந்த அம்மனைத் திருப்பி அனுப்பிட்டியே."

சவரியக்கா மசியவில்லை. லாரியைக் கூப்பிடவும் இல்லை. முத்துப்பேச்சி அக்கா மறுநாளே மேஸ்திரியிடம் சொல்லி வேறு மெஷினுக்கு மாறிக்கொண்டார்.

அந்த லாரி அடுத்த தெருவுக்குப் போனது. அதைக் கீழத் தெரு என்போம். கட்டட வேலைக்கும் சுமை தூக்கவும் போகிறவர்கள் இருக்கிற தெரு. அவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். கறுகறுவென்று தார் ரோடு போட்டு, அந்தப் பங்குனியில் அம்மன் அந்த வழியாகத்தான் போனது. கொட்டுச் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழையே இல்லை. மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் மேகம் கூடும், மலையோடு கலைந்து போய்விடும். கீழத் தெருப் பிள்ளைகள் தார் ரோட்டில் சைக்கிள் டயர் உருட்டினார்கள். எங்கள் தெருவில் புழுதி பறந்தது. சவரியக்கா தண்ணீருக்குக் குடத்தோடு போனால், "ரோட்டைத் தின்னவ வாரா" என்று சிறுசுகள்கூடச் சொல்லும். அவர் ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை. வானத்தை மட்டும் அடிக்கடி பார்ப்பார். மழை வேண்டும் என்றா, வேண்டாம் என்றா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

மழை அதற்கடுத்த வருஷம் பெய்தது. விடாமல் பெய்தது. எங்கள் தெருவில் முழங்கால் சகதி, ஆனால் படியோடு நின்றது. கீழத் தெருவில் ரோட்டிலிருந்து வழிந்த தண்ணீர் வாசல் வழியாக உள்ளே இறங்கியது. அரிசி, பாய், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் நனைந்தன. எங்கள் தெருவில் ஆளாளுக்கு, "சவரி அன்னைக்கே சொன்னா" என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அவரைப் பாராட்டலாம் என்று தேடினால் வீட்டில் இல்லை. கீழத் தெருவில் ஒரு வீட்டுக்குள், சோற்றுப் பானையால் தண்ணீரை மோந்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னது நடந்திருச்சுல்லக்கா" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

"எங்க தெருவுக்கு வேண்டாம்னு மட்டுந்தானலே சொன்னேன். இத எங்க கொண்டு போறீகன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? ஊரையே சந்தேகப்பட்டேன். அத மட்டும் கேக்காம விட்டுட்டேன். நாந்தள்ளிவிட்டது இந்தப் பிள்ளைக தலையில வந்து விழுந்திருக்கு. பேசாம ஒரு பானையை எடு."

முத்துப்பேச்சி அக்காவும் அன்று அங்கே வந்தார். ஒருவர் மோந்து கொடுக்க, மற்றவர் வாங்கி ஊற்றினார். அடுத்த வாரம் முத்துப்பேச்சி அக்கா பழைய மெஷினுக்கே திரும்பினார்.

அதற்குப் பிறகு நகர்மன்றத்தில் சவரியக்கா எங்கள் தெருவைப் பற்றிப் பேசவே இல்லை. கீழத் தெரு ரோட்டைப் பெயர்த்து மட்டத்தை இறக்கவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். புது ரோட்டைப் பெயர்க்க விதியில்லை என்றார்கள். நீரூற்று திறப்பு விழாவுக்கு அழைப்பிதழில் அவர் பெயரும் போட்டார்கள். போகவில்லை. "எம்பேர எதுக்குப் போட்டாக?" என்று மட்டும் கேட்டார். போன ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார். செவ்வாய்க்கிழமை இல்லை.

புதன்கிழமை விடியும்போதே தெருமுனையில் போஸ்டர் ஒட்டியிருந்தது. 'மக்கள் பணியில் மறைந்த மாதரசி' என்று எழுதி, கீழே சேர்மன் படமும் போட்டிருந்தார்கள். சவரியக்கா படத்தைவிட அவர் படம் பெரியது. காசு கொடுத்தது யார் என்று விசாரித்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

அடக்கத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஒரு லாரி தெருவுக்குள் திரும்பியது. முத்துப்பேச்சி அக்கா பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்து போய் அதன் முன்னால் நின்றார்.

"என்ன இது?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் தோண்டுனதுக்கா. மாலை போட சேர்மன் வாராருல்ல, செத்த பள்ளத்த நெரவச் சொன்னாக."

"இங்க கொட்டாத."

"சரிக்கா, வழிய விடுங்க. வேற எங்கயாவது கொட்டிக்கிடுதேன்."

முத்துப்பேச்சி அக்கா வழிவிடவில்லை. "வேற எங்க?"

"எங்க பள்ளம் இருக்கோ அங்க."

"பள்ளத்துல ஆளு இருக்காகய்யா. எங்க அள்ளுனியோ அங்கயே கொண்டு போயிக் கொட்டு."

டிரைவர் சரி சரி என்று தலையாட்டினார். முத்துப்பேச்சி அக்கா அதை நம்பவில்லை. துக்கத்துக்கு வந்திருந்த கீழத் தெருப் பெண்கள் இருவரை லாரியில் ஏற்றி, கூடவே அனுப்பினார். சேர்மன் வந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முந்தின ராத்திரி பெய்த மழையின் சகதியில்தான் நடந்தார். யாரும் பலகை போடவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்தது. குழியில் பெட்டியை இறக்கியாயிற்று. மண் போடலாம் என்று பங்குச் சாமியார் சைகை காட்டினார். முத்துப்பேச்சி அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"செத்த பொறுங்க சாமி. ரெண்டு பேரு வரணும்."

எல்லோரும் வெயிலில் நின்றோம். அந்த இரண்டு பெண்களும் தலையெல்லாம் புழுதியாக, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்கள்.

"கொட்டியாச்சா?"

"கொட்டியாச்சு. அந்த அன்னத்துக்குப் பக்கத்துல."

"கண்ணால பாத்தீகளா?"

"எறங்கி நின்னு பாத்துட்டுத்தான் வாரோம்."

முத்துப்பேச்சி அக்கா குனிந்து முதல் பிடி மண்ணை அள்ளினார்.

போய் வாருங்கள், சவரியக்கா. லாரி காலியாகத்தான் திரும்பியது.