பச்சைத் தண்ணீருக்குள் இருந்தவை

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. ஜன்னல் வெயில் பட்டு அதன் தண்ணீர் பச்சையாகிவிடும். எத்தனை முறை மாற்றினாலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் தங்கமீன்கள் கண்ணாடியோரம் வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். கடைசியில் மீன் கடைக்காரரிடம் ஒரு யூ.வி. விளக்கு வாங்கி மாட்டினேன். மிதக்கும் பாசியை அதன் ஒளி கொன்றுவிடுமாம்.

சில நாட்களில் தண்ணீர் தெளிந்தது. ஒரு காலை ஆபீஸ் கிளம்பும்போது மனைவி கூப்பிட்டாள்.

"ஏன்னா, இங்க வந்து பாருங்கோ. குஞ்சு பொரிச்சிருக்கு."

செடியோரம் கண்ணிமை முடி போலக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. எங்களுக்குத் தெரியாமலே அந்தப் பச்சைக்குள் வளர்ந்திருக்கின்றன. வேலையில் அதே நினைப்பு. திரும்பும்போது அவற்றுக்கென்று ஒரு சின்னத் தொட்டி வாங்கி வந்தேன். மனைவி அதைக் கையில் வாங்கவில்லை.

"ஒண்ணுகூட இல்லைன்னா. பெரிசெல்லாம் துரத்தித் துரத்தித் தின்னுடுத்து. டம்ளரால அள்ளப் பாத்தேன், முடியலை."

கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"கோல்டு ஃபிஷ் தன் குஞ்சையே தின்னுரும் சார். பச்சத் தண்ணிக்குள்ள கண்ணுல படாம பொழச்சிருக்கும். குஞ்சு கெடக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மனைவியிடம் சொன்னேன். அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ அந்தப் பச்சை அழுக்கில்லையா?"

வாங்கி வந்த சின்னத் தொட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று மெச்சுகிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். செய்தது சரியா, தவறா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. விளக்கை அணைக்கவும் மனம் வரவில்லை, எரியவிட்டுத் தொட்டியின் முன்னால் உட்காரவும் மனம் வரவில்லை.