நியூட்ரலில் நிற்காத மோட்டார்

மூன்று வருடங்களுக்கு முன், தசரா கூட்டம் வடிந்து மைசூர் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கபினி அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீரில், எங்கள் சொந்தப் படகில் முதல்முறையாக ஏறி உட்கார்ந்தேன்.

என் கணவருக்கு ஊர் ஹனூர் பக்கம் மார்டள்ளி. மைசூரில் தொழிற்சாலை வேலை. லீவு நாளில் சொந்தப் படகில் மீன் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கான அனுமதி கிடைத்ததும், கூட வேலை பார்க்கும் நண்பரிடமிருந்து ஒரு பழைய ஃபைபர் படகை மோட்டாரோடு வாங்கினார். இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் அந்த நண்பர் இல்லாமல் நடந்ததில்லை. என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

அன்றும் கரையில் நின்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். கணவர் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். மோட்டார் செருமிவிட்டு அடங்கியது. சட்டை வியர்வையில் தொப்பலாகிவிட்டது. படகு மெல்லக் கரையை விட்டு நகர்ந்திருந்தது.

"எழுந்து நின்னு இழுங்கண்ணா. ஆக்ஸிலேட்டர் ஸ்வல்ப, கொஞ்சமா குடுங்க" என்றார் நண்பர்.

எழுந்து நின்று இழுத்தார். மோட்டார் பிடித்த அதே நொடியில் படகு முன்னால் பாய்ந்தது. கியர் பிடி நடுவில், நியூட்ரலில்தான் இருந்தது, நானே பார்த்தேன். ஆனால் உள்ளே கியர் விழுந்திருக்கிறது. கணவர் தண்ணீரில் விழுந்தார். நான் படகுக்குள் குப்புறக் கிடந்தேன். பிடிக்க ஆளில்லாத மோட்டார் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ள, படகு வட்டமடித்து அவரை நோக்கியே வந்தது.

எப்படி நிறுத்துவது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தவழ்ந்து போய் சிவப்பு பட்டனை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. பெட்ரோல் டியூபைப் பிடுங்கினேன். அப்போதும் ஓடியது. உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடுமாம், பிறகுதான் தெரிந்தது. அவர் முங்கி ஒருமுறை தப்பினார். அடுத்த சுற்றில் மோட்டார் திணறி நிற்பதற்குள் அதன் விசிறி அவருடைய இடது காலைக் கிழித்துவிட்டது. மீன்பிடிக்க வந்தவர்கள் பரிசலில் வந்து எங்களைக் கரை சேர்த்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நண்பர் ஆப்பிள் பையோடு வந்தார். வராந்தாவில் என்னிடம், "அந்த கியர் எப்பவாச்சும் அப்படி விழும் அண்ணி. என்னையும் ஒரு தடவ தூக்கிப் போட்டுச்சு. சொன்னா அண்ணா வாங்க மாட்டாரேன்னு..." என்று இழுத்தார். கண் கலங்கியிருந்தது. பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கணவரிடம் சொன்னபோது, "விடு, வேணும்னேவா பண்ணியிருப்பான்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காயம் ஆறியது. ஆனால் நடை நேராகவில்லை. படகை விற்றுவிட முடிவு செய்தோம். ஹனூர் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். "மோட்டார் எப்படீங்க?" என்று கேட்டார்.

"பழசுதானுங்க. மத்தபடி ஒரு குறையும் இல்லீங்க" என்றார் என் கணவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி.

நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவும் அந்தப் படகில்தானே ஏறுவாள்.

"நியூட்ரல்ல இருந்தாலும் பாயுமுங்க. இவரு கால் அதுலதான் போச்சு" என்றேன்.

அவர்கள் காபியைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனார்கள்.

"உன்னை யாரு கேட்டா?" என்றார் கணவர்.

"நம்மகிட்ட ஒருத்தர் இப்படி உண்மையைச் சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

மறுநாளே ஆள் கூப்பிட்டு மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்டேன். அவர் தடுக்கவும் இல்லை, வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. நண்பரோடு மட்டும் பழையபடி சாப்பிடுகிறார். அந்த நண்பரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. பட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் அதையே மறைத்துப் பொய் சொன்ன மனிதரோடு வாழ்வதுதான், தினமும் அவருக்குச் சோறு போடும்போதெல்லாம், எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.